நேயரும் சந்தாதாரரும்

2004ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் முற்பகலில், நியூ ஜெர்சியில் அப்போது நான் பணிபுரிந்த அலுவலகத்தில் ஒரு வேலையும் உருப்படியாக நடக்கவில்லை. அன்று காலை ஹோவர்ட் ஸ்டெர்ன் தம் வானொலி நிகழ்ச்சியின் நடுவிலேயே, நடப்பு ஒப்பந்தம் முடிந்ததும் தாம் பண்பலையை விட்டுவிட்டு சிரியஸ் என்னும் செயற்கைக்கோள் வானொலிக்குப் போகப்போவதாக அறிவித்திருந்தார். எங்கள் பிரிவில் அவரை அன்றாடம் கேட்பவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். காப்பி இயந்திரத்தைச் சுற்றி நின்றுகொண்டு, மாதம் 12.95 டாலர் கட்டி அவரைக் கேட்கப்போவது யார் யார் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் அன்றைக்கே வாங்கிவிடுவேன் என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். வானொலிக்குக் காசு கொடுப்பது, அவர்கள் பார்வையில், பூங்காவில் காற்று வாங்கக் கட்டணம் கொடுப்பதைப் போன்றது.

எனக்கு அந்த மனிதரின் நிகழ்ச்சி பிடித்ததில்லை. அதன் ஆபாசமும், விருந்தினரைக் கூசவைத்துச் சிரிக்கும் வழக்கமும் பல காலைகளில் என்னை எரிச்சலூட்டியிருக்கின்றன. ஆனால் நான் வேலைக்குப் போனது இன்னொருவர் காரில். ஓட்டுபவர் வைத்த நிலையத்தைத்தான் பக்கத்தில் இருப்பவன் கேட்டாக வேண்டும். அப்படிக் கட்டாயமாகக் கேட்டவன் என்பதாலேயே, அவரைப் பின்தொடர்ந்து மக்கள் காசோடு போவார்களா என்ற கேள்வி ரசிகர்களைக் காட்டிலும் எனக்குச் சுவையாக இருந்தது.

அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. ஸ்டெர்ன் 1985இல் நியூயார்க்கின் என்பிசி நிலையத்திலிருந்து நீக்கப்பட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அதே நகரின் கே-ராக் எனப்பட்ட டபிள்யூஎக்ஸ்ஆர்கே பண்பலையில் சேர்ந்தார். 1986இல் பிலடெல்பியா நிலையம் ஒன்று அவருடைய நிகழ்ச்சியை அப்படியே நேரலையாக எடுத்து ஒலிபரப்பத் தொடங்கியது. ஒரு நகரத்துக் காலை நிகழ்ச்சியை வேறொரு நகரத்துக்காரர்கள் கேட்பார்களா என்று அன்றைக்கு ஐயப்பட்டவர்கள் பலர். கேட்டார்கள். அதன்பின் லாஸ் ஏஞ்சலஸ் முதலிய நகரங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1981 முதல் உடன் பேசிவரும் ராபின் குவிவர்ஸும், மாறாத உதவியாளர் கூட்டமும், அழைத்துப் பேசும் வழக்கமான நேயர்களுமாக அது ஒரு தெருமுனைத் திண்ணையைப் போல நடந்தது. வாரத்துக்கு 1.2 கோடிப் பேர் கேட்பதாக சிரியஸ் தன் அறிவிப்பில் சொல்லிக்கொண்டது. அது விற்பவர் சொன்ன எண் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றாலும், அந்த நாட்டில் அவரளவுக்குக் காலை நேரத்தைக் கைக்கொண்டிருந்தவர்கள் மிகச் சிலரே.

அவர் போனதற்குப் பணம் ஒரு காரணம். மற்றொன்று எஃப்சிசி எனப்படும் தகவல் தொடர்பு ஆணையம். 2004 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதியாட்டமான சூப்பர் பவுலின் இடைவேளை நிகழ்ச்சியில் பாடகி ஜேனட் ஜாக்சனின் ஆடை கிழிந்த நிகழ்வுக்குப் பிறகு ஆபாச ஒலிபரப்பு குறித்த கெடுபிடி ஏறியது. அதே மாதம் கிளியர் சேனல் நிறுவனம் ஸ்டெர்னைத் தன் ஆறு நிலையங்களிலிருந்து நிறுத்திவைத்தது. ஏப்ரலில் ஆணையம் 4,95,000 டாலர் அபராதம் விதிக்க முன்மொழிந்ததும் நிரந்தரமாகவே விலக்கிவிட்டது. பொது அலைவரிசையில் பேசுகிறவருக்கு உள்ள இந்தக் கட்டு, கேட்பவர் விரும்பிச் சந்தா கட்டிப் பெறுகிற செயற்கைக்கோள் வானொலிக்கு இல்லை. ஆகவே ஸ்டெர்னுக்கு வேலியில்லாத புலம் வேண்டியிருந்தது. சிரியஸுக்கோ அந்தப் புலத்துக்குள் ஆள் வரவேண்டியிருந்தது.

அந்த நாளில் சிரியஸுக்கு இருந்த சந்தாதாரர்கள் சுமார் 6 லட்சம் பேர். அதன் போட்டியாளரான எக்ஸ்எம் நிறுவனத்துக்கு 25 லட்சம் பேர் இருந்தார்கள். இந்த நிலையில் இருந்த ஒரு நிறுவனம், ஐந்தாண்டுகளுக்கு 50 கோடி டாலர், அதாவது ஊழியர் சம்பளமும் தயாரிப்புச் செலவும் சேர்த்து ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலர் தருவதாக ஒருவருக்கு எழுதிக் கொடுத்தது. எங்கள் அலுவலகத்தில் கணக்குப் புலி ஒருவர் அன்றே ஒரு தாளில் போட்டுக் காட்டினார்: ஒரு சந்தாதாரர் ஆண்டுக்குக் கட்டுவது 155 டாலர் 40 சென்ட், பத்துக் கோடியை அதனால் வகுத்தால் ஏறத்தாழ ஆறு லட்சத்து நாற்பத்து நான்காயிரம் பேர் வருகிறது. இருக்கிற கூட்டத்துக்குச் சமமான இன்னொரு கூட்டம் வந்தால் அவர் சம்பளம் கழிந்துவிடும். ஆனால் புதிதாக வரும் ஒவ்வொருவரையும் பிடிப்பதற்கு ஆகும் செலவு, பெட்டியின் விலையில் நிறுவனம் தாங்கும் பங்கு, கடைக்காரருக்கும் கார் நிறுவனத்துக்கும் கொடுக்க வேண்டியது என்று கழித்துப் பார்த்தால் அந்த எண் போதாது. சுமார் பத்து லட்சம் புதிய சந்தாதாரர்கள் வந்தால் செலவு ஈடாகும் என்று நிறுவனமே சொன்னது.

சொல்லப்பட்ட 1.2 கோடியில் பத்து லட்சம் என்றால் பன்னிரண்டில் ஒருவர். ரசிகர்கள் பின்தொடர்வார்களா என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த நாள்களில், பதினொரு பேர் பின்தொடராமல் போனாலும் இந்த வியாபாரம் பிழைத்துக்கொள்ளும் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. நிறுவனத்துக்கு வேண்டியிருந்தது கூட்டமன்று, கூட்டத்தின் ஓரத்தில் இருக்கும் பிடிவாதக்காரர்கள்.

தமிழில் இந்த இரண்டு வகையினருக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. வானொலி கேட்பவரை நாம் நேயர் என்கிறோம். நேயம் உடையவர் என்று பொருள். பணம் கட்டுகிறவர் சந்தாதாரர். சந்தா வெளியிலிருந்து வந்த சொல். நேயர் விருப்பம் என்று நிகழ்ச்சி உண்டு, சந்தாதாரர் விருப்பம் என்று ஒன்று இருந்ததில்லை. நான் வளர்ந்தது இராமநாதபுரக் கடற்கரையோரத்து ஊரில். எங்களுக்குச் சென்னை நிலையத்தைவிட இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். கே.எஸ். ராஜாவின் வேகத்துக்கும், பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்புக்கும், இராஜேஸ்வரி சண்முகத்தின் குரலுக்கும் எங்கள் தெருவில் தனித்தனிக் கட்சிகள் இருந்தன. அந்தக் குரல்களுக்கு யாரும் ஒரு காசு கொடுத்ததில்லை. ஆனால் வானொலிக்கே காசு கொடுத்ததில்லை என்று சொல்ல முடியாது. என் தந்தையார் ஆண்டுதோறும் அஞ்சலகத்துக்குப் போய் வானொலிப் பெட்டிக்கான லைசென்ஸ் கட்டணத்தைக் கட்டி, அந்தச் சிறு புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு வருவார். வேடிக்கை என்னவென்றால், கட்டணம் இந்திய அரசுக்கு, கேட்டது இலங்கையை. அந்த அறிவிப்பாளர்களுள் ஒருவர், இனி என்னைக் கேட்க வேண்டுமானால் புதுப் பெட்டி வாங்கி மாதாமாதம் பணம் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தால் என் தந்தையார் என்ன செய்திருப்பார் என்பதில் எனக்குக் கொஞ்சமும் ஐயமில்லை. இரண்டு நாள் வருந்தியிருப்பார். மூன்றாம் நாள் திருச்சி நிலையத்தைத் திருப்பியிருப்பார்.

அறிவிப்புக்கும் புறப்பாட்டுக்கும் இடையே பதினான்கு மாதங்கள் இருந்தன. வானொலி வரலாற்றில் இவ்வளவு விசித்திரமான இடைக்காலம் வேறொன்று இருந்ததா என்று தெரியவில்லை. விலகப்போகிற ஊழியர் ஒருவர், தாம் சேரப்போகிற போட்டி நிறுவனத்தின் பெருமையைப் பழைய முதலாளியின் ஒலிவாங்கியிலேயே காலைதோறும் பேசிக்கொண்டிருந்தார். 2004 நவம்பரில் மன்ஹாட்டனின் யூனியன் சதுக்கத்தில் கூட்டம் கூட்டி சிரியஸ் பெட்டிகளை இலவசமாக வழங்கினார். அதே மாதத்தில் மெல் கர்மாசின் சிரியஸின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்; ஸ்டெர்னைப் பல ஆண்டுகள் பண்பலையில் வைத்து வளர்த்த இன்பினிட்டி நிறுவனத்தின் பழைய தலைவர் அவர்தான். இந்தப் பதினான்கு மாதப் பேச்சு தம் செலவில் நடந்த இலவச விளம்பரம் என்று கூறி, 2006 பிப்ரவரியில் கே-ராக்கின் உரிமையாளரான சிபிஎஸ் வானொலி நிறுவனம் ஸ்டெர்ன்மீதும் சிரியஸ்மீதும் வழக்குத் தொடுத்தது. மே மாதத்தில் சமரசம் ஏற்பட்டது. 20 லட்சம் டாலர் கொடுத்து, கே-ராக் காலத்து ஒலிப்பதிவுகளின் உரிமையையும் சிரியஸ் பெற்றுக்கொண்டது. வழக்குப் போட்டவர்கள் எதிராளியின் கையில் பழைய பொக்கிஷத்தையும் கொடுத்து அனுப்பினார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

என்னை ஏற்றிச் சென்றவர் ஸ்டேட்டன் தீவைச் சேர்ந்த இத்தாலிய வம்சாவளிக்காரர். அக்டோபரில் சிரித்தவர்களில் அவரும் ஒருவர். 2005 டிசம்பர் 16ஆம் நாள் ஸ்டெர்னின் கடைசிப் பண்பலை நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டே நாங்கள் வேலைக்குப் போனோம். அவர் அன்று வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து ஜனவரி முதல் வாரத்தில் காரில் ஏறியபோது பழைய நிலையத்தில் வேறொருவர் பேசிக்கொண்டிருந்தார். நண்பர் ஒரு வாரம் பொறுத்தார். நிலையம் நிலையமாகத் திருப்பினார். ஒருநாள் வானொலியை அணைத்துவிட்டு என்னோடு பேசவும் முயன்றார், அது இருவருக்குமே சரிப்படவில்லை. அடுத்த திங்கட்கிழமை காரின் முகப்பில் ஒரு சிறு பெட்டி ஒட்டியிருந்தது. எதற்காக வாங்கினீர்கள் என்று கேட்டேன். ஹோவர்டுக்காக என்று அவர் சொல்லவில்லை. நாற்பத்தைந்து நிமிடம் ஓட்ட வேண்டியிருக்கிறதே என்றார்.

அந்தப் பதிலில்தான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இலங்கை வானொலியை நாங்கள் கேட்டது வீட்டில். வீட்டில் ஒரு குரல் நின்றுபோனால் அந்த இடத்தை நிரப்ப ஆயிரம் ஓசைகள் உண்டு. காரில் தனியாக உட்கார்ந்து, ஒரே சாலையில், ஒரே நேரத்தில், வாரத்துக்கு ஐந்து நாள் போகிற மனிதருக்கு அந்தக் குரல் பயணத்தின் ஒரு பகுதி. செயற்கைக்கோள் வானொலியும் காருக்காகவே பிறந்தது. 1997இல் எஃப்சிசி நடத்திய ஏலத்தில் இரண்டு நிறுவனங்கள் தலா எட்டுக் கோடி டாலருக்கு மேல் கொடுத்து உரிமம் வாங்கின. அவையே பின்னர் சிரியஸ், எக்ஸ்எம் என்று பெயர் பெற்றன. சிரியஸின் மூன்று கோள்கள் நீள்வட்டப் பாதையில் சுற்றி வட அமெரிக்காவின் தலைக்கு மேல் உயர நின்று போகும்படி அமைக்கப்பட்டதற்குக் காரணம், ஓடுகிற வண்டிக்குக் கட்டடமும் மரமும் மறைக்காமல் மேலிருந்து ஒலி வரவேண்டும் என்பதுதான். அப்படியும் எட்டாத நகரத்து இடுக்குகளுக்குத் தரையில் மறு ஒலிபரப்புக் கோபுரங்கள் நட்டார்கள். வீட்டுக் கூடத்தில் இருப்பவரை நினைத்து யாரும் இவ்வளவு பாடுபட மாட்டார்கள்.

முடிவில் எத்தனை பேர் போனார்கள்? ஸ்டெர்னின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர் இவர், வராதவர் இவர் என்று யாரும் தலையில் முத்திரை குத்தி எண்ணவில்லை. ஆனால் எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு தோற்றம் கிடைக்கிறது. 2004 முடிவில் சிரியஸுக்கு 11 லட்சம், எக்ஸ்எம்முக்கு 32 லட்சம். 2005 முடிவில் 33 லட்சமும் 59 லட்சமும். 2006 முடிவில் 60 லட்சமும் 76 லட்சமும். 2005இல் எக்ஸ்எம் ஸ்டெர்ன் இல்லாமலேயே 27 லட்சம் பேரைச் சேர்த்திருக்கிறது என்பதைக் கவனித்தால், வெள்ளம் எல்லாப் படகுகளையும் தூக்கிய காலம் அது என்று விளங்கும். மறு ஆண்டில் எக்ஸ்எம் சேர்த்தது 17 லட்சமாகக் குறைய, சிரியஸ் 27 லட்சத்தைச் சேர்த்தது. அந்த ஆண்டில் காற்று ஒரு பக்கம் திரும்பியதற்கு ஸ்டெர்னைத் தவிரப் பெரிய காரணம் எனக்குத் தென்படவில்லை. இலக்கைத் தாண்டிச் சந்தாதாரர்கள் சேர்ந்ததற்காக 2006 ஜனவரியில் அவருக்கும் அவருடைய முகவருக்கும் 3.4 கோடிப் பங்குகள் கொடுக்கப்பட்டன. அன்றைய மதிப்பில் சுமார் 22 கோடி டாலர். சிரியஸ் அலைவரிசையில் அவருடைய முதல் நிகழ்ச்சி ஜனவரி 9ஆம் நாள்தான் நடந்தது என்பதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பேசத் தொடங்கும் முன்பே பரிசு வந்துவிட்டது. ஏனென்றால் மக்கள் அவர் பேசத் தொடங்கும் முன்பே பணம் கட்டிவிட்டார்கள்.

ஆகப் பத்து லட்சம் என்ற இலக்கு எட்டப்பட்டது என்றே கொள்ளலாம். ஆனால் அவருடைய பழைய நேயர்களில் பெரும்பாலோர் போகவில்லை என்பதும் அதே கணக்கிலிருந்து கிடைக்கும் உண்மை. 2006 முடிவில் இருந்த சிரியஸ் சந்தாதாரர்கள் அத்தனை பேரும் அவருக்காகவே வந்தவர்கள் என்று வைத்துக்கொண்டாலும், சொல்லப்பட்ட 1.2 கோடியில் பாதிதான் தேறும். எங்கள் அலுவலகத்திலிருந்து போனவர்கள் இருவர். எஞ்சியவர்கள் பழைய நிலையத்திலேயே தங்கிவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. அவருடைய இடத்துக்கு நியூயார்க் முதலிய கிழக்கு நகரங்களில் சிபிஎஸ் அமர்த்தியவர் ராக் பாடகர் டேவிட் லீ ராத். மேற்கே ஆடம் கரோலா. ராத்தின் நிகழ்ச்சி ஜனவரி 3ஆம் நாள் தொடங்கி ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. கேட்டவர்களை வைத்துச் சொல்கிறேன், அவர் கெட்டவர் இல்லை. ஆனால் இருபதாண்டுக் காலை வழக்கத்தின் நாற்காலியில் உட்கார்ந்தவர் எவராக இருந்தாலும் விருந்தாளியாகத்தான் தெரிந்திருப்பார்.

ராத்துக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்தவர்கள் ஓபி, அந்தோனி என்ற இரட்டை அறிவிப்பாளர்கள். இவர்கள் கதை எங்கள் கேள்விக்கு இன்னும் நுட்பமான சோதனை. 2002இல் ஒரு தேவாலயத்தில் நடந்த கூத்துக்காக நியூயார்க் பண்பலையிலிருந்து நீக்கப்பட்ட இவர்களை 2004 அக்டோபரில், அதாவது ஸ்டெர்ன் அறிவிப்பு வந்த அதே மாதத்தில், எக்ஸ்எம் எடுத்துக்கொண்டது. எடுத்ததோடு நிற்காமல் அவர்கள் அலைவரிசைக்கு மட்டும் வழக்கமான சந்தாவுக்கு மேல் மாதம் 1.99 டாலர் தனிக் கட்டணம் வைத்தது. குரலுக்கென்றே விலை எழுதி ஒட்டிய பெட்டி அது. ஓர் ஆண்டுகூட அது நீடிக்கவில்லை. 2005இல் எக்ஸ்எம் பொதுச் சந்தாவையே 9.99இலிருந்து 12.95ஆக உயர்த்தி, இவர்களையும் அதற்குள் அடக்கிவிட்டது. முழுச் சாப்பாட்டுக்கு விலை ஏற்றினால் முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கிற மனிதர், அப்பளத்துக்குத் தனிக் காசு கேட்டால் எழுந்துவிடுகிறார். ஸ்டெர்னுக்கு சிரியஸ் அப்படித் தனி விலை வைக்காமல் போனது அதன் புத்திசாலித்தனம். அவரைப் பிடிக்காத குடும்பத்தாருக்கு விளம்பரமில்லாத இசை அலைவரிசைகளும் விளையாட்டு வருணனைகளும் இருந்தன. வாங்கியவர் வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு கௌரவமான காரணமும் இருந்தது.

ஸ்டெர்னுக்கு நேர் எதிரான ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். பாப் எட்வர்ட்ஸ் 1979 முதல் என்பிஆர் பொது வானொலியில் மார்னிங் எடிஷன் என்னும் காலைச் செய்தி நிகழ்ச்சியை நடத்திவந்தவர். தாழ்ந்த, நிதானமான குரல். இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, 2004 ஏப்ரல் இறுதியில் அவரை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் எழுதிக் கண்டித்தார்கள். எக்ஸ்எம் அவரை அழைத்து 2004 அக்டோபரில் தனி நிகழ்ச்சி கொடுத்தது. பொது வானொலிக்காரர்கள் ஏற்கெனவே விரும்பி நன்கொடை கொடுத்துப் பழகியவர்கள். பணம் கட்டிக் கேட்பது அவர்களுக்குப் புதிதன்று. அப்படிப் பார்த்தால் ஸ்டெர்னின் கூட்டத்தைவிட இவருடைய கூட்டமே எளிதாகப் பின்தொடர்ந்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் நன்கொடை கொடுத்தது நிலையத்துக்கு. ஏழு மணிக்குச் செய்தி வேண்டும், வானிலை வேண்டும், உள்ளூர்ப் போக்குவரத்து வேண்டும்; வாசிப்பவர் மாறினாலும் இவை அங்கேயே இருந்தன. எட்வர்ட்ஸின் புதிய நிகழ்ச்சி 2014 வரை மதிப்போடு நடந்தது. மார்னிங் எடிஷனோ இன்றுவரை அசையாமல் இருக்கிறது. ஸ்டெர்ன் போனபோது நிலையம் காலியானது, எட்வர்ட்ஸ் போனபோது ஆகவில்லை. ஒருவர் தாமே நிகழ்ச்சியாக இருந்தார். மற்றவர், அவர் எவ்வளவு சிறந்தவராயினும், ஒரு நிகழ்ச்சியை நடத்தினார்.

காசு கொடுக்காமல் பின்தொடர்ந்தவர்களும் இருந்தார்கள், அது தனி வேடிக்கை. அந்நாளைய சிறு பெட்டிகள் தாம் பெற்ற ஒலியைக் காரின் வானொலிக்குள் செலுத்தக் குறைந்த திறனுள்ள பண்பலை ஒலிபரப்பி ஒன்றை வைத்திருந்தன. பெரும்பாலும் 88க்கு அருகில், எண்வரிசையின் அடிப்பகுதியில் அது வேலை செய்யும். அமெரிக்காவில் அந்த அடிப்பகுதி பொது வானொலிகளுக்கும் மத நிலையங்களுக்கும் உரிய இடம். சில பெட்டிகள் அனுமதித்த அளவைத் தாண்டி ஒலிபரப்பியதால், பக்கத்துக் காரில் அமைதியாகப் பொது வானொலியைக் கேட்டுக்கொண்டு போனவருக்குத் திடீரென்று ஸ்டெர்னின் குரல் கேட்டது. நேயர்களிடமிருந்து புகார்கள் போயின. என்பிஆர் ஆணையத்திடம் முறையிட்டது. 2006இல் உற்பத்தியாளர்கள் சில வகைப் பெட்டிகளைத் திருத்த வேண்டியதாயிற்று. ஆபாசம் பொது அலையில் கூடாது என்று சட்டம் துரத்தியதால் விண்ணுக்குப் போனவர், பக்கத்துக் கார் வழியாக மறுபடியும் பொது அலைக்கே, அதுவும் பிரசங்க நிலையங்களுக்கு நடுவிலேயே, இறங்கி வந்தார்.

இந்தியாவில் செயற்கைக்கோள் வானொலி என்றதும் நம்மவர்க்கு நினைவு வருவது வேர்ல்ட்ஸ்பேஸ். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா தொடங்கிய அந்த நிறுவனம், எக்ஸ்எம்மின் தொடக்கக் காலத்தில் அதில் பங்கும் வைத்திருந்தது. அதன் ஏசியாஸ்டார் கோள் 2000 மார்ச்சில் ஏவப்பட்டது. அதற்கு மிகுதியான சந்தாதாரர்கள் கிடைத்தது இந்தியாவில்தான். ஏ.ஆர். ரஹ்மான் அதன் விளம்பர முகமாக இருந்தார். மதுரையில் என் சிற்றப்பா ஒருவர், மொட்டைமாடியிலிருந்து கம்பி இழுத்து, கர்நாடக இசைக்காக அதை வைத்திருந்தார். விடுமுறையில் போனபோது, எந்த அறிவிப்பாளருக்காக வாங்கினீர்கள் சித்தப்பா என்று கேட்டேன். அறிவிப்பாளர் பேசாமல் இருப்பதற்காகத்தான் வாங்கினேன் தம்பி என்றார். சிரிப்பாக இருந்தாலும் அது தெளிவான பதில். நம் ஊரில் அந்தப் பெட்டிக்குப் பணம் கொடுத்தவர்கள் ஒரு குரலைத் தேடிப் போகவில்லை. குரல்களின் இரைச்சலிலிருந்து விலகிப் போனார்கள். அதுவும் வீட்டுக்குள் வைக்கும் பெட்டி, வானத்தை நேர்கோட்டில் பார்த்தால்தான் பாடும். காரில் ஓட அதற்குத் தரைக் கோபுரங்கள் இல்லை. நிறுவனம் 2008இல் திவால் மனு கொடுத்தது. 2009 டிசம்பர் 31இல் இந்தியச் சேவை நின்றது. பின்தொடரத்தக்க ஒரு மனிதர் இருந்திருந்தால் அது பிழைத்திருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அமெரிக்காவிலேயே அந்த ஒரு மனிதர் இருந்தும் சிரியஸ் எக்ஸ்எம்மோடு 2008 ஜூலையில் இணைய வேண்டியதாயிற்று. இணைந்தும் 2009 பிப்ரவரியில் திவாலின் விளிம்புவரை போய், லிபர்ட்டி மீடியா கொடுத்த 53 கோடி டாலர் கடனால்தான் மீண்டது. பிடிவாதக்காரர்களை ஒரு குரலால் சேர்க்கலாம். அதன்பின் கூட்டத்தைச் சேர்த்தது கார்த் தொழிற்சாலையில் வண்டியோடு பொருத்தி அனுப்பப்பட்ட பெட்டியும் அதனுடன் வந்த இலவச மாதங்களும்.

ஸ்டெர்ன் தரப்பில் இதன் விலை வேறு விதமாக இருந்தது. பணத்தைப் பொறுத்தவரை அவருக்கு ஒரு குறையும் இல்லை. 2010, 2015, 2020 என்று ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வந்தது. ஆனால் நியூயார்க்கில் ஒரு டாக்சியில் ஏறினாலோ முடிதிருத்தும் கடைக்குப் போனாலோ காதில் விழுந்த குரல் அது; 2006க்குப் பிறகு அப்படி விழுவது நின்றுவிட்டது. விரும்பாமல் கேட்டவர்கள், திட்டிக்கொண்டே கேட்டவர்கள், என்னைப் போல அடுத்தவர் காரில் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே நாளில் கழன்றுபோனோம். அவருடைய நிகழ்ச்சிக்கு எரிபொருளாக இருந்தவர்களில் நாங்களும் உண்டு என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்கும். கடிவாளமில்லாத புது இடத்தில் கெட்ட வார்த்தை சில மாதங்களிலேயே சலித்துப்போய், ஆண்டுகள் போகப் போக அவர் பொறுமையாக நீண்ட நேர்காணல் செய்பவராக மாறினார். அந்த நேர்காணல்கள் சிலவற்றைப் பிற்காலத்தில் நானே விரும்பிக் கேட்டிருக்கிறேன். 2012 முதல் 2015 வரை என்பிசி தொலைக்காட்சியின் திறமைப் போட்டி ஒன்றில் நடுவராக உட்கார்ந்தார். 1985இல் தம்மை வெளியே அனுப்பிய அதே என்பிசியின் பெயரில், யாரும் காசு கொடுக்காமல் பார்க்கிற இடத்துக்கு அவர் வந்து உட்கார்ந்ததை நான் பணத்தேவை என்று எண்ணவில்லை.

ஸ்டேட்டன் தீவு நண்பரைச் சில ஆண்டுகள் கழித்து, நான் அந்த வேலையை விட்டு வேறு ஊர் போன பிறகு, ஒருமுறை சந்தித்தேன். விமான நிலையத்திலிருந்து அவரே அழைத்துப் போனார். புதிய கார், பெட்டி முகப்பில் ஒட்டியிருக்கவில்லை, வண்டியோடு சேர்ந்தே வந்திருந்தது. அறுபதுகளின் பாட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஹோவர்ட் எங்கே என்று கேட்டேன். வாரத்தில் மூன்று நாள்தான் நேரலை, மற்ற நாளெல்லாம் பழையதைப் போடுகிறார்கள், நான் கேட்டே பல மாதமாகிறது என்றார். அப்படியானால் சந்தாவை நிறுத்திவிடலாமே என்றேன். அவர் சாலையைப் பார்த்தபடியே, நிறுத்திவிட்டுக் காலையில் வண்டிக்குள் என்ன செய்வது என்று என்னைக் கேட்டார்.